முந்திரிப் பழம் புளிக்கும் வரை

பாப்பா,

பஸ் ஸ்டாண்டில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. திருச்சி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டிக் கேட்டாய். "டிரம்மையெல்லாம் யாருக்காச்சும் குடுத்துருவோமாப்பா? இல்ல, இந்த வருசம் நீங்க போடுறீங்களா?" நான், "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?" என்றேன். அம்மா ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு உன் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளும் என்னைப் பார்க்கவில்லை. நீ சிரித்தாய். பதில் வராது என்று தெரிந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. பஸ் திரும்பி, பழக்கடைகளைத் தாண்டி, மறைந்தது. அப்போது எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றும் வரவில்லை. வெயில் அடித்தது. கால் செருப்புக்குள் வேர்த்திருந்தது. அதுதான் தெரிந்தது.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ நான் சொல்வதைக் கேட்பதில்லை. குரலைக் கேட்கிறாய். நாக்கு தடிக்கிறதா, வார்த்தை வழுக்குகிறதா, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கிறேனா. "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு ஒரு கணம் மூச்சை நிறுத்துகிறாய். எனக்குத் தெரியும். அதனால்தான் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். கையெழுத்தைப் பார்த்துக்கொள். வரி கோணவில்லை. காலையில் எழுதுகிறேன். மோட்டார் ஷெட்டுக்கு வெளியே, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

காட்டில் பழம் விழுந்துகொண்டிருக்கிறது. மஞ்சளும் சிவப்புமாக முந்திரி மரத்தடி முழுவதும். உனக்கு அந்த வாசனை அந்தக் குளிர் தேசத்தில் ஞாபகம் வருகிறதா என்று தெரியவில்லை. பாதி இனிப்பு, பாதி நாற்றம். நான் பிறந்ததிலிருந்து பார்த்தது ஒன்றுதான். பழத்தைப் பொறுக்கி, அடியில் தொங்கும் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு, பழத்தை அங்கேயே வீசிவிட்டு வருவோம். ஆடு கொஞ்சம் தின்னும். மீதி சரளை மண்ணில் கிடந்து ஈ மொய்த்து, தோல் சுருங்கி, மழைக்கு முன்னால் காணாமல் போகும். கொட்டை வறுத்து உடைக்க ஆதனக்கோட்டைக்குப் போகும். பழம் எங்கேயும் போகாது. அது வீண் என்றுகூட யாரும் சொன்னதில்லை. வீண் என்று சொல்லக்கூட அதை யாராவது பார்த்திருக்க வேண்டும்.

நீ பார்த்தாய். மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு வீட்டில் இருந்த அந்தக் கோடையில் தினமும் காட்டுக்கு வந்து, குந்தி உட்கார்ந்து, அழுகிய பழத்தைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாய். "அழுகுதுன்னு சொல்லாதீங்கப்பா. கண்ணுக்குத் தெரியாத கூட்டம் ஒண்ணு பந்தியில உக்காந்துருக்கு" என்றாய். "நாம எலை போடுறது மட்டும்தான். என்ன எலையைப் போடுறோமோ அதுக்குத் தக்கன ஆளு வருவாங்க." காற்றை அடைத்துப் போட்டால் ஒரு கூட்டம் வரும், காற்று விட்டால் வேறு கூட்டம் வரும் என்றாய். வைக்கோல், கடலைத் தோல், கரும்புச் சக்கை, உலகத்தில் மக்குகிற எதுவும் இந்தக் கூட்டத்துக்குச் சாப்பாடுதான் என்றாய். நான் மோட்டார் காயில் கட்டிக்கொண்டே கேட்டேன். கல்லூரியில் வரலாறு படித்தவன் நான். செம்புக் கம்பி சுற்றிப் பிழைத்தவன். எனக்கு அது புரிந்தது என்றும் சொல்ல முடியாது, புரியவில்லை என்றும் சொல்ல முடியாது. தலையாட்டினேன்.

அன்று சாப்பிடும்போதுதான் அம்மாவிடம் சொன்னாய். முந்திரிப் பழச் சாற்றிலிருந்து வினிகர் எடுக்கப்போகிறேன் என்று. அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். வினிகர் என்றால் ஊறுகாய்க்கு ஊற்றுவார்களே, அந்தப் புளிப்புத் தண்ணி என்று விளக்கினாய். பிறகு, சாதத்தைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னாய்.

"முதல்ல அது சாராயமாத்தான் ஆகும். அப்புறம்தான் புளிக்கும்."

கரண்டி ரசச் சட்டியிலேயே நின்றுவிட்டது. நான் அப்பளத்தை உடைத்தேன். அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது.

"ஏன்டி, நடுவுல அந்த எடம் இல்லாம நேரா புளிக்காதா?" என்றாள் அம்மா.

"அந்த எடத்தைத் தாண்டித்தாம்மா போகணும். வேற வழியில்ல."

"எம்புட்டு நாளைக்கு?"

"வெயிலைப் பொறுத்து."

அம்மா எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். நான் கேட்கவில்லை, அவளாக ஊற்றினாள்.

நான் குடியை நிறுத்தி அப்போது ஒரு மழைக்காலம்தான் கடந்திருந்தது. எப்படி நிறுத்தினேன் என்று ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். கோயிலில் கயிறு கட்டினேன் என்பார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள் என்பார்கள். இரண்டும் நடந்தது. எது வேலை செய்தது என்று எனக்கே தெரியாது. நிறுத்தினால் எல்லாம் தெளிவாகும் என்றார்கள். தெளிவாகத்தான் இருந்தது. கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல. உள்ளே ஒன்றும் இல்லை. நீ முதல் வகுப்பில் தேறிய செய்தி வந்தபோது அம்மா அழுதாள். நான் ஃபேன் ரெகுலேட்டரைச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல. வரவில்லை. இதை உன்னிடம் சொன்னதில்லை. நீ கேட்டதும் இல்லை. குடிக்காமல் இருக்கிறேனா என்று மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். இருக்கிறேனா என்று யாரும் பார்க்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை. நான் வைத்த இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்.

பொன்னமராவதி ரோட்டில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. மாமா வீட்டிலிருந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். நடுவழியில் வண்டி தானாக ஓரம் போனது. நான் ஹேண்டில்மேல் கவிழ்ந்து தூங்கிவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். டீக்கடையில் இருந்த ஆட்கள், "ஏம்மா, சரக்கு லோடா?" என்று சிரித்தார்களாம். நீ அழவில்லை. இறங்கி முன்னால் வந்தாய். "பின்னாடி தள்ளி உக்காருங்கப்பா" என்றாய். அதற்கு முன் நீ வண்டி ஓட்டியதே இல்லை. என் இரண்டு கையையும் எடுத்து உன் இடுப்பைச் சுற்றிப் போட்டு, துப்பட்டாவால் மணிக்கட்டைக் கட்டினாய். முதல் கியரிலேயே வீடு வந்து சேர்ந்தோம். எனக்கு ஞாபகம் இருப்பது அந்த முடிச்சு மட்டும்தான். இறுக்கமாக இருந்தது. வலித்தது. அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ "பரவால்லப்பா" என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையை இனிமேல் உனக்குக் கொடுக்க வேண்டாம்.

சரி. டிரம்முக்கு வருகிறேன்.

ஷெட்டில் பாதியைக் காலி செய்து கொடுத்தேன். வினிகர் எடுக்க வாங்கிய அனுமதித் தாளைக் கதவில் ஒட்டினாய். பழத்தைப் பிழிந்தோம். தொண்டையைப் பிடிக்கும் காறல் போக அரிசிக் கஞ்சி ஊற்றினால் போதும் என்றாய். அம்மா கஞ்சி காய்ச்சினாள். மறுநாள் சாறு தெளிந்து, காறல் எல்லாம் அடியில் சேறாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "அட, கஞ்சிக்கு இம்புட்டு வேலை தெரியுமா?" என்றாள். அன்று வரைக்கும் அவள் உன் பக்கம்தான். ஈஸ்ட் போட்டாய். மூடினாய். மூடியிலிருந்து ஒரு குழாயைத் தண்ணீர்ப் பாட்டிலுக்குள் விட்டாய். அடுத்த நாள் அது கொப்பளிக்க ஆரம்பித்தது. குளுக், குளுக் என்று. ஷெட்டுக்குள் யாரோ உட்கார்ந்து நிதானமாகக் குடித்துக்கொண்டிருக்கும் சத்தம்.

வாசனை தெருவுக்குப் போய்விட்டது. உன் சித்தப்பா மகன் வேலியோரம் நின்று, "என்ன பெரியப்பா, கடைப் பக்கம் போறதை விட்டுட்டு வீட்லயே கடை தொறந்துட்டீங்களாமே?" என்றான். "ஒங்க மகளைப் படிக்க வச்சது வீண் போகல." நான் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. யாரோ சொல்லி ஏட்டு ஒருவர் வந்தார். தாளைப் படித்தார். உன்னை மேலும் கீழும் பார்த்தார். "சாராய ஊறல் மாதிரியே இருக்கேம்மா?" என்றார். "இப்போதைக்கு ஊறல்தான் சார்" என்றாய். "அடுத்த மாசம் வாங்க, ஒரு பாட்டில் தாரேன், சாலட்ல ஊத்திச் சாப்பிடலாம்." அவர் என் பக்கம் திரும்பி, "ஐயா நீங்க பாத்துக்குங்க" என்றார். அதில் இரட்டை அர்த்தம் எதுவும் இல்லை. அவருக்கு என்னைத் தெரியாது. ஆனால் அம்மாவின் முகம் மாறியது. யாரிடம் எதைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் பார் என்று.

நீ வேலை விஷயமாகத் திருச்சி போயிருந்தபோது அம்மா டிரம்மில் உப்பைக் கொட்டினாள். கல் உப்பு. ஊறுகாய்க்கு வாங்கி வைத்திருந்த மூட்டை முழுவதும். ஊறல் கண்டால் உப்பைப் போடுவது இந்தப் பக்கத்துப் பெண்கள் காலங்காலமாகச் செய்வதுதான். உப்புப் போட்டால் ஆம்பளை வாயில் வைக்க மாட்டான். அவள் ஒளித்துச் செய்யவில்லை. பட்டப்பகலில், நான் பார்த்துக்கொண்டிருக்க, சாக்கை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். நான் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். கொப்பளிக்கும் சத்தம் மெதுவாகி, மறுநாள் நின்றது.

நீ வந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்ததுமே துப்பினாய்.

"யாரும்மா உப்புப் போட்டது?"

"நான்தான்."

"அந்த டிரம்முல இருந்தது எல்லாம் செத்துப் போச்சும்மா. தெரியுமா ஒனக்கு?"

"சாகட்டும்டி. இந்த வீட்ல உசுரோட இருக்கிறதை நான் பாத்துக்கிறேன்."

நீ என் பக்கம் திரும்பினாய். "நீங்களாச்சும் ஏதாவது சொல்லுங்கப்பா. நான் தொட மாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை. அம்மாவும் அதற்காகத்தான் நின்றாள் என்று நினைக்கிறேன். ஆனால் நான் எழுந்து டிரம்மைச் சாய்த்தேன். எல்லாம் வாய்க்காலில் ஓடியது. அடியில் கரையாத உப்பு வெள்ளையாகக் கிடந்தது. அதைக் கையால் வழித்து எடுத்தேன். அவள் என்னை நம்பவில்லை என்று எனக்கு வருத்தம் இல்லை. நீ நம்பினாய் என்று பெருமையும் இல்லை. தொட்டிருப்பேனா என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்வது? அதுதான் என் மௌனம். வேறொன்றும் அதில் இல்லை.

அதற்கு அடுத்த கோடைகளில் நீயே எல்லாம் செய்தாய். சனி, ஞாயிறு லீவில் திருச்சியிலிருந்து வந்து, ஷெட்டைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போனாய். கொப்பளிப்பது நின்றதும் வாயகன்ற பானைகளில் மாற்றி, போன வருசத்து வினிகரில் கொஞ்சம் உறை ஊற்றி, வேட்டித் துணியால் வாயைக் கட்டினாய். மேலே பாலாடை மாதிரி ஒன்று படர்ந்தது. காற்றைக் குடித்துக்கொண்டு அந்தக் கூட்டம் சாராயத்தைத் தின்கிறது என்று காட்டினாய். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். சாராயத்தைத் தின்று தீர்க்கிற ஒன்று. ஆனால் சரியான நேரத்தில் வடித்து அடைக்காவிட்டால் அது நிற்காது, புளிப்பையும் தின்று கடைசியில் வெறும் தண்ணீராக்கிவிடும் என்று நீ சொன்னபோது, நான் என் கையைப் பார்த்தேன். எனக்கு நடந்தது அதுதானோ என்று.

புளித்துவிட்டதா என்று பார்க்க மீட்டர் இருக்கிறது. ஆனால் மீட்டர் ஒரு பக்கம், நாக்கு ஒரு பக்கம் என்பாய். தினம் ஒரு சொட்டு யாராவது நாக்கில் வைத்தாக வேண்டும். உன் நாக்கு இருந்தது. அதனால் நடந்தது. இப்போது அந்த நாக்கு பின்லாந்தில் இருக்கிறது.

அங்கே மரத்தூளையும் கூழையும் இந்தக் கூட்டத்துக்குப் பந்தி வைக்கிறார்கள் என்றாய். நல்ல வேலை. செய். காலையில் சாப்பிடாமல் போகாதே. குளிருக்கு அம்மா சொல்வதைக் கேள். எனக்குச் சொல்ல இரண்டுதான் இருக்கிறது. அங்கே வேலை முடிந்ததும் நாலு பேர் உட்கார்ந்து குடிப்பார்கள். நீ குடிப்பதும் குடிக்காததும் உன் விஷயம். ஆனால் கிளாஸ் வைத்திருக்கிறவன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. மாமா வீட்டுக் கல்யாணத்தில் உன்னைக் கவனித்தேன். எல்லோரும் மணமேடையைப் பார்த்தார்கள். நீ பந்தலுக்குப் பின்னால் யார் யார் போகிறார்கள், எப்படித் திரும்பி வருகிறார்கள் என்று பார்த்தாய். அந்தக் கண்ணை நான்தான் உனக்கு வைத்தேன். கழற்றி வை. இன்னொன்று. குடிக்காதவன் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவனைக் கட்டிக்கொள்ளாதே. அது போதாது. நான் இப்போது குடிக்காதவன்தான். என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தால் தெரியும்.

நீ போன பிறகு வீட்டில் பேச்சுக் குறைந்தது. ஒரு நாள் அம்மா ஃப்ரிட்ஜுக்கு மேலிருந்து நீ வைத்துவிட்டுப் போன ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். உறை வினிகர். ஆடை மெலிந்து, கிழிந்து கிடந்தது.

"இதுக்கு ஏதாச்சும் போடணும்லங்க? பட்டினியால்ல கெடக்கு" என்றாள்.

"போடணும்."

"பிள்ளை வந்து கேட்டா என்ன சொல்றது?"

அவள் ஜாடியைத் துடைத்து வைத்தாள். பிறகு அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "டிரம்மைக் கழுவுங்க. நான் கஞ்சிக்கு அரிசி போடுறேன்."

பழம் பொறுக்கினோம், இரண்டு பேருமாக. பிழிந்தோம். நீ டப்பாவில் விட்டுப்போன ஈஸ்ட்டைப் போட்டேன். மூடிக் குழாய் மாட்டினேன். கொப்பளிக்க ஆரம்பித்ததும் சாவியை அம்மாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "பூட்டு எதுக்கு? ஒடைக்கத் தெரியாதவரா நீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பூட்டைப் பற்றி ஒரு தகவல் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு, "நாக்குல வச்சுப் பாக்கணும்னு சொல்லுவாளே. யாரு பாக்குறது?" என்று கேட்டாள்.

"என்னால முடியாது" என்றேன். பாப்பா, அந்த மூன்று வார்த்தையை அன்று நான் சொல்லவில்லை. இந்த இரண்டு வார்த்தையை இந்த முறை சொன்னேன். சொல்லும்போது வெட்கமாக இல்லை. வாய் மட்டும் உலர்ந்திருந்தது.

அம்மா ஷெட்டைப் பார்த்தாள். உள்ளே போனாள். நான் இந்த வாளிமேல் உட்கார்ந்தேன். உன் அம்மா ஆயுசில் அதைத் தொட்டவள் இல்லை. என் சட்டையைத் துவைக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு துவைத்தவள். உள்ளே மூடி திறக்கும் சத்தம். பிறகு காறித் துப்பினாள். சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து படியில் நின்றாள். கண்ணில் நீர். காட்டம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

"இதுக்காகவா?" என்றாள்.

நான் தரையைப் பார்த்தேன்.

"ஏங்க, இந்தக் கசப்புத் தண்ணிக்காகவா அம்புட்டும்?"

தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல அரிசி புடைக்கப் போனாள். அதன் பிறகு தினமும் காலையில் வருகிறாள். ஒரு சொட்டு. துப்புகிறாள். "இன்னும் ஒங்க ஆளுதான் உக்காந்துருக்காரு உள்ள" என்கிறாள். நேற்று முதல்முறையாக அதைச் சொல்லும்போது அவள் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். டிரம்மை யாருக்கும் கொடுக்க வேண்டாம். எல்லாம் புளித்து, வடித்து, பாட்டிலில் அடைத்த பிறகு எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். அப்போது எழுதினால் அது பதில் ஆகாது. உனக்குத் தெரிய வேண்டியது நடுவில் இருப்பதுதான். ஷெட்டில் இப்போது சாராயம் இருக்கிறது. கதவு பூட்டவில்லை. நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கும் இப்படியே உட்கார்ந்திருப்பேன் என்று சத்தியம் செய்து தர மாட்டேன். இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன். நீ அங்கே தூங்கு. குரலைக் கேட்க வேண்டாம். இங்கே ஒரு நாக்கு இருக்கிறது.

அம்மா இப்போதுதான் உள்ளே போனாள். மூடியைத் திறக்கிறாள். துப்புகிறாள்.

இன்னும் ஆகவில்லையாம். வெளியே வந்து, இங்கிட்டுக் கொஞ்சம் தள்ளி உக்காருங்க என்கிறாள்.